மலையகத்தில் தேயிலை விழா: எடுக்கலாமா? எடுத்தால் எதை வைப்பது, எதை விடுவது?

#1 கவ்வாத்துக்கத்தி

இலங்கை மலையகத்தில் அட்டன், டிக்கோயாப் பக்கம் ஒரு நாள் தேயிலை விழா எடுக்கலாம் என்று பேச்சு அடிபடுகிறது. எல்லாம் இன்னும் தாளில்தான் இருக்கிறது. அடித்துத் திருத்த இதுதான் நேரம்.

இப்போதைக்கு யோசித்திருப்பது இவ்வளவுதான். காலையில் கொழுந்து பறிக்கும் போட்டி. பக்கத்திலேயே கையால் தேயிலை செய்து காட்டுவது. ஒரு லயத்துக் காம்பராவை (தொழிலாளர் வரிசை வீட்டு அறையை) உள்ளபடி அமைத்து வைப்பது. பிற்பகலில் தப்பு மேளமும் காமன் கூத்தும். எல்லாருக்கும் ரொட்டி, சம்பல், தேத்தண்ணி. வாசலில் 200 வருடத் தேயிலை வரலாற்றைச் சொல்லும் பதாகைகள்.

நாள், பெப்ரவரி கடைசி அல்லது மார்ச் தொடக்கம். திம்புளைப் பக்கத்துத் தேயிலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரைதான் தரமான பருவம். காய்ந்த குளிர்காற்றில் கொழுந்து மெதுவாக வளர்வதால் மணம் ஏறும். மாசியில் காமன் கம்பம் ஊன்றுகிற காலமும் அதுவே. மழையும் குறைவு.

சிலோன் டீ விளம்பரத்தில் கூடை சுமந்த பெண் எப்போதும் இருப்பாள். அவள் சனம் தமிழகத்திலிருந்து வந்த வழி மட்டும் இருக்காது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் இந்த விழா. எதிர்க்கிறவர்கள் காரணத்தோடு எதிர்க்கவும்.

#2 பெரட்டுத்தப்பு

காரணத்தோடே எதிர்க்கிறேன்.

அறுவடை விழா என்றால் விளைந்தது தன் வீட்டு முற்றத்துக்கு வருகிறவன் எடுக்கிற விழா. பொங்கல் அப்படித்தான். புது நெல் பானைக்கு வரும், அதனால் பொங்குகிறது. தேயிலையில் பறிக்கிறவள் வீட்டுக்கு என்ன வந்தது? நல்ல தரம் ஏலத்துக்குப் போகும், லயத்துக்கு வருவது டஸ்ட். அறுவடை முடிந்தது என்று ஒரு நாளும் தேயிலையில் கிடையாது. இன்றைக்குப் பறித்த மலைக்கு ஏழாம் நாள் திரும்பப் போக வேண்டும். முடிவில்லாத அறுவடைக்கு எந்த நாளில் விழா வைப்பீர்கள்?

வந்த வழி என்கிறீர்கள். ஆள்பிடித்து வந்த கங்காணி கொடுத்த முன்பணம் கடனாகித் தோளில் ஏறியது. கடன் தீர்ந்தது என்று துண்டுச்சீட்டு கிடைக்காமல் அடுத்த தோட்டத்துக்குப் போக முடியாது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தலைமுறையாக இங்கே பிறந்தவர்களையே நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 1974இல் ஆளுக்குப் பாதி. இதையெல்லாம் ரொட்டிக் கடைக்கும் பலூனுக்கும் நடுவில் எந்தப் பதாகையில் எழுதப்போகிறீர்கள்?

நினைவு நாள் வையுங்கள், நடைபயணம் வையுங்கள். 2023இல் இருநூறாம் ஆண்டு நினைவுக்குத் தலைமன்னாரில் ஜூலை 28 புறப்பட்டு ஆகஸ்ட் 12 மாத்தளை சேர்ந்தார்களே, அது சரியான வடிவம். விழா வேண்டாம்.

#3 ஊவாக்காற்று

நாள் பற்றி மட்டும் இப்போதைக்கு.

தரமான பருவம் என்றால் திம்புளை மட்டும்தானா? ஊவாவில், பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று அடிக்கும்போதுதான் எங்கள் தேயிலைக்கு விலை. பெப்ரவரி என்று எழுதினால் ஊவாவுக்கு அது வேறு யாருடைய விழாவோ.

இன்னொன்று, #1 சொல்லாமல் விட்டது. தரம் கூடுகிற மாதத்தில் கொழுந்து குறையும். பெப்ரவரியில் மலை காய்ந்து குருத்து முடங்கிக் கிடக்கும். அதில் பறிப்புப் போட்டி வைத்தால் இருபது நிமிடத்தில் கூடையின் அடி கூட மறையாது. கொழுந்து பொங்கி வருவது ஏப்ரல், மே. நல்ல தேயிலை காட்ட வேண்டுமா, நிறையக் கொழுந்து காட்ட வேண்டுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஒரே நாளில் இரண்டும் கிடைக்காது.

ஏற்கெனவே இரண்டு தேயிலை நாள் இருக்கிறது. டிசம்பர் 15, 2005 முதல் தொழிலாளர் பக்கத்திலிருந்து வந்தது. மே 21, ஐ.நா. 2019இல் அறிவித்தது. மே 21 கொழுந்துக்கு ஒத்துவரும், ஆனால் தென்மேற்குப் பருவமழை வாசலில் நிற்கும். டிசம்பரில் வடகிழக்கு மழை. எந்த நாளை எடுத்தாலும் தார்ப்பாய் உங்கள் முதல் செலவு.

#4 மாத்தளைவீதி

“200 வருடத் தேயிலை வரலாறு” என்று பதாகை அடித்தால் முதல் வரியிலேயே பிழை. 200 ஆண்டு என்பது கோப்பியிலிருந்து கணக்கு. 1823இல் கம்பளைக்குப் பக்கத்தில் சின்னப்பிட்டியில் தொடங்கிய கோப்பித் தோட்டத்தை வைத்துத்தான் 2023ஐ இருநூறாம் ஆண்டு என்றோம். தேயிலை தோட்டப்பயிராக வந்தது 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துறையில் 19 ஏக்கரில் நட்டபோது. நாற்பத்து நான்கு வருட இடைவெளி இருக்கிறது, அதைச் சின்ன விஷயமாக விடக் கூடாது.

ஏனென்றால் நம் குடியேற்றமே அந்த இடைவெளிக்குள்தான் மாறியது. கோப்பிப் பழம் வருடத்தில் ஒரு பருவம். அதற்கு வந்த ஆட்கள், பெரும்பாலும் ஆண்கள், தமிழகத்தின் தொண்டிப் பக்கமிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையில் மாத்தளைக்கு நடந்து, பழம் பறித்து முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். பிழைத்தவர்கள் திரும்பினார்கள் என்று திருத்திக்கொள்கிறேன்.

1869இல் கோப்பி இலையின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் தூள் படர்ந்தது. இலைத்துரு நோய். விரலால் தொட்டால் தூள் ஒட்டும், இலை உதிரும், இரண்டு மூன்று வருடத்தில் மரம் காய்ப்பை நிறுத்தும். வெள்ளைத் தோட்டத் துரைமார் முதலில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் புதுக் காடு வெட்டிக் கோப்பியே நட்டார்கள், நோயும் கூடவே போனது. 1880களில் வேறு வழியில்லாமல் தேயிலைக்குத் தாவினார்கள். 1890கள் முடிவதற்குள் தேயிலை மூன்று லட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது.

தேயிலைக்குப் பருவம் கிடையாது. வாரா வாரம் பறிக்காவிட்டால் கொழுந்து முற்றி, செடியின் பறிப்புத் தளம் மேலே ஏறி, மலையே கெட்டுவிடும். அதற்கு வருடம் முழுவதும் ஆள் வேண்டும், பெண்கள் வேண்டும், குடும்பத்தோடு வேண்டும். லயம் அப்படித்தான் நிலையானது. பெரட்டுத்தப்பு கேட்ட “முடிவில்லாத அறுவடை”தான் நம்மை இந்த மண்ணில் உட்கார வைத்தது.

அதனால் பயிரையும் குடியேற்றத்தையும் சேர்த்துச் சொல்ல இதைவிடப் பொருத்தமான பயிர் கிடையாது என்பேன். வாசலில் பதாகை வேண்டாம். இடப்பக்கம் தொட்டியில் ஒரு கோப்பிச் செடி, வலப்பக்கம் ஒரு தேயிலைச் செடி வையுங்கள். முடிந்தால் துரு பிடித்த கோப்பி இலை இரண்டைக் கண்ணாடித் தட்டுகளுக்கு நடுவில் ஒட்டி வையுங்கள், தூள் பரவாது. மீதியை நின்று சொல்ல ஒரு ஆள் போதும்.

#5 பெரட்டுத்தப்பு

> பயிரையும் குடியேற்றத்தையும் சேர்த்துச் சொல்ல இதைவிடப் பொருத்தமான பயிர் கிடையாது

வரலாறு சரி, முடிவு தவறு. காரணம் விளங்கினால் கொண்டாட வேண்டும் என்று எந்த ஊர் நியாயம்?

“குடியேறிகள்” என்று சொல்லத் தொடங்கினால் கேள்வி அங்கேயும் நிற்காது. துரையும் குடியேறிதான். அவர் காட்டை வாங்கிய கதை 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய நிலச் சட்டத்திலிருந்து வருகிறது. காணி உறுதி காட்ட முடியாத நிலமெல்லாம் பிரித்தானிய முடிக்குச் சொந்தம் என்றதும், கண்டிச் சிங்களக் கிராமத்தார் சேனைப்பயிருக்குக் காடு வெட்டிய நிலமும் மாடு மேய்த்த மேடும் கைமாறின. உங்கள் விழாவுக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அவர்களுக்கு இந்தப் பதாகையில் எந்த வரி?

#6 டீமேக்கர்

வரலாற்றுக்காரர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருந்தால் கொழுந்து சிவந்துவிடும். “கையால் தேயிலை செய்து காட்டுவது” என்று #1இல் ஒரு வரியில் போய்விட்டது. அதைத்தான் எல்லாரும் கெடுப்பார்கள். விளக்கமாகச் சொல்கிறேன்.

ஒரே நாளில் பறித்து அதே நாளில் தேயிலை காட்ட முடியாது. வாட்டுவதற்கே 14 முதல் 18 மணி நேரம் வேண்டும். ஆகவே இரண்டு இரண்டு கிலோவாக மூன்று தொகுதி எடுங்கள். முதல் தொகுதி முந்தைய நாள் பகல் ஒரு மணிக்குப் பறித்தது, இரண்டாவது மாலை நாலு மணிக்கு, மூன்றாவது விழா அன்று காலை. மூன்றாவது வாட்டுதட்டில் கிடக்கட்டும், பச்சைக்கும் வாட்டத்துக்கும் வித்தியாசம் காட்ட மட்டும்.

பறித்ததைப் பையில் திணித்து வைத்தால் சூடேறும். கையை உள்ளே விட்டால் வெதுவெதுப்பு தெரிந்தாலே பாதி போச்சு, நசுங்கிய இடமெல்லாம் செம்மை ஓடும். உடனே சாக்கு விரித்த தட்டில் பரப்ப வேண்டும், ஒரு சதுர மீட்டருக்கு அரைக் கிலோவுக்கு மேல் வேண்டாம். தொழிற்சாலையில் கீழிருந்து விசிறி அடிப்பதால் கனமாகப் போடலாம், உங்களிடம் விசிறி இல்லை. மண்டபத்துச் சன்னலைத் திறந்து வைத்து இரவில் இரண்டு தடவை புரட்டுங்கள். பனிமூட்டம் இறங்கினால் சன்னலை மூடி ஒரு சாதாரண மேசைவிசிறி.

வாட்டம் போதுமா என்று பார்க்க இரண்டு வழி. ஒன்று தராசு: ஒரு கிலோ கிட்டத்தட்ட அரைக் கிலோவாக வேண்டும். பச்சைக் கொழுந்தில் முக்காலுக்கு மேல் தண்ணீர், அதில் பெரும்பகுதி போயாக வேண்டும். இன்னொன்று கை: ஒரு பிடியை உருட்டி அமுக்கி விட்டால் மெல்ல விரியணும், துள்ளி விரியக் கூடாது. காம்பை வளைத்தால் “டக்” என்று முறியக் கூடாது. வாடாததை உருட்டினால் சாறு ஒழுகி ஓடிவிடும், இலை நார்நாராகக் கிழியும். காய்ந்தே போனதை உருட்டினால் பொடியாகும். இரண்டும் கண்காட்சியில் தினமும் நடக்கிற கூத்து.

உருட்டுவது பாய்மேல் அல்லது வரிப்பள்ளம் வெட்டிய பலகைமேல், உள்ளங்கையால் ஒரே பக்கமாக, 30 நிமிடம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உதறிக் கட்டி உடைக்கணும். கை பச்சையாகிப் பிறகு மண்ணிறமாகும், அதைப் பார்க்கத்தான் பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள். பிறகு இரண்டு விரற்கடைக் கனத்தில் பரப்பி ஈரத்துணி மூடி விடுங்கள். 22–25 பாகை செல்சியஸில் இரண்டு மணி நேரம், அட்டன் குளிரில் மூன்று. புல் வாசம் போய்ப் பழ வாசம் வரும், செப்புக்காசு நிறம் வரும். அப்போது நிறுத்து. துணி இலையில் தொடக் கூடாது, மேலே சட்டத்தில் தொங்கணும்.

காயவைப்பதில்தான் பெரிய தவறு. விறகடுப்பில் வாணலி வைத்து வறுத்தால் படம் அழகாக வரும், தேயிலை புகை நாறும். தட்டில் ஒரு சென்றிமீற்றர் கனத்தில் பரப்பி மின்சார ஓவனில் 95–100 பாகை, கதவைச் சற்றுத் திறந்து வைத்து ஆவி போக விட்டு, முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம். சூடு குறைந்தால் இலை உள்ளே வெந்து மந்தமான சாயம் தரும். சூடு மிஞ்சினால் மேற்தோல் மட்டும் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், மூன்றாம் நாள் பூசணம். காம்பு முறியும்போது சத்தம் வந்தால் சரி. இரண்டு கிலோ பச்சைக் கொழுந்துக்கு 430 கிராம் அளவில் கையில் நிற்கும். அந்த 430 கிராமை ஒரு கண்ணாடிப் போத்தலில் போட்டு, பக்கத்தில் இரண்டு கிலோ பச்சைக் கொழுந்துக் குவியலையும் வையுங்கள். பேச்சே வேண்டாம்.

கொழுந்து எந்த மலையிலிருந்து வருகிறது என்பதும் முக்கியம். மருந்து அடித்து இடைவெளி நாள் முடியாத மலையில் பறித்ததைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

#7 கவ்வாத்துக்கத்தி

டீமேக்கர் ஐயாவுக்கு நன்றி. இது அப்படியே திட்டத்தில் ஏறும்.

நாள் பற்றி ஊவாக்காற்று சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு தனி நாள்: இங்கே மார்ச் முடிவில், கொழுந்து திரும்பத் தொடங்கும்போது, ஊவாவில் ஆகஸ்ட்.

போட்டி விவரம். ஆறாவது, ஏழாவது நாள் வரிசையில் இருக்கிற ஒரு மலையில், பாதைக்குப் பக்கத்துச் சம தரை. ஆளுக்கு ஒரு நெரை (செடி வரிசை), இருபது நிமிடம். எடை மட்டும் பார்த்தால் கைக்குக் கிடைத்ததையெல்லாம் பிடுங்குவார்கள். எனவே ஒவ்வொருவர் கூடையையும் கொட்டிக் கலந்து அதிலிருந்து 100 கிராம் எடுத்து, இரண்டு இலை ஒரு மொட்டை ஒரு பக்கம், முற்றியதும் முறிந்ததும் மறுபக்கம் பிரித்து நிறுக்கிறது. நல்லது 70 கிராமுக்குக் கீழே என்றால் எடை எவ்வளவு இருந்தாலும் பரிசில்லை. வெளியாட்கள் பறிக்க ஆசைப்பட்டால் அடுத்த கவ்வாத்துக்கு (செடியைத் தறித்துவிடுவதற்கு) நிற்கிற பழைய மலையில் பறிக்கட்டும். ஏனென்றால் அவர்கள் நுனியைக் கிள்ள மாட்டார்கள், கையால் இழுத்து, தளிரின் அடியில் இருக்கிற மீனிலையோடு உரிப்பார்கள். அந்தச் செடி அடுத்த இரண்டு சுற்று துளிர்க்காது. பறிப்புத் தளம் சமமாக இருக்க மட்டக்கம்பு வைத்துப் பறிப்பதை முதலில் ஒருவர் காட்டிவிட்டால் பாதிச் சேதம் தப்பும்.

பெரட்டுத்தப்பு அண்ணனுக்கு: கிராமத்தாரின் வரியும் எழுதலாம். 1840 சட்டத்தை வாசலில் கோப்பித் தொட்டிக்கு அடியிலேயே, சிங்களத்திலும் தமிழிலும். அதற்காக விழாவே வேண்டாம் என்பது எனக்கு ஏறவில்லை. துக்கத்துக்கு மட்டும் கூடுகிற சனம் என்று நம்மை ஏன் குறுக்க வேண்டும்? பறிக்கிற விரலுக்கு ஒரு வித்தை இருக்கிறது. அதை வித்தை என்று மேடையில் ஏற்ற ஒரு நாள் வேண்டாமா?

#8 ஊவாக்காற்று

விரல் வித்தையை நீங்கள் மேடையேற்றுகிற மாதிரியைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. ஆறு நாள் பறித்தவள் ஏழாம் நாளும் பறிக்க வேண்டுமா, அதுவும் கைதட்டலுக்கு? போட்டி வைத்தால் அன்றைக்கு அவளுக்குப் பேர் (நாள் சம்பளம்) போட்டுக் கொடுங்கள், முழுப்பேர். பரிசாகப் பிளாஸ்டிக் வாளி கொடுக்கிற பழக்கத்தையும் விடுங்கள்.

உடை விஷயம். மூங்கில் கூடையும் பட்டுக்கரைச் சேலையும் விளம்பரக்காரன் கண்டுபிடித்தது. இப்போது மலையில் முதுகில் தொங்குவது வலைப்பின்னல் பை, இடுப்பில் சாக்குப் படங்குக்குப் பதில் பிளாஸ்டிக் தாள், காலில் அட்டைப்பூச்சிக்குச் சவர்க்காரம். பழைய கூடையைக் காட்ட விரும்பினால் தனியாகப் பழைய கூடை என்று எழுதி, தலைக்கயிற்றோடு, பத்துக் கிலோ கொழுந்து நிரப்பி வையுங்கள். வருகிறவர் தலையில் கயிற்றை மாட்டி இருபது அடி நடந்து பார்க்கட்டும்.

காமன் கூத்து. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். கம்பம் ஊன்றி, விரதம் பிடித்து, நாள்கணக்கில் ஆடி, கடைசியில் மன்மதனை எரித்து முடிக்கிற சடங்கு அது. ரதி வேடம் கட்டுகிறவருக்கு நோன்பு உண்டு. பிற்பகல் மூன்றரைக்குப் பதினைந்து நிமிடம் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டால் அது கூத்தில்லை, மாதிரிப் பொருள். மாசியில் கம்பம் ஊன்றுகிற தோட்டத்துக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவர்கள் நேரத்துக்கு.

தப்பு மட்டும் வைக்கலாம். அதற்கும் ஏற்பாடு வேண்டும். மாட்டுத்தோல் தப்பு பனியில் பத்து நிமிடத்தில் தளர்ந்து “பொத் பொத்” என்கும். மேடைக்குப் பின்னால் காய்ந்த சருகு, பழைய தாள் போட்டுச் சிறு நெருப்பு, ஒவ்வொரு உருப்படிக்கும் நடுவில் காய்ச்ச நேரம். நெருப்புக்கு இடமில்லை என்று பிளாஸ்டிக் தோல் கட்டியதைக் கொண்டு வருவார்கள். சத்தம் வரும், தப்பு வராது.

#9 பெரட்டுத்தப்பு

ஊவாக்காற்று அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். விடியலில் தப்படித்துத்தான் ஆட்களை வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக் களத்துக்கு எழுப்பினார்கள். திருவிழாவுக்கும் சாவுக்கும் அடித்த அதே தப்பு. அந்த அடி வேறு, கூத்தடி வேறு. மேடையில் எதை அடிக்கப்போகிறார்கள் என்று கேட்டு வையுங்கள்.

#10 கோத்தகிரிமழை

நீலகிரிலருந்து எழுதறேன், குறுக்க வந்ததுக்கு மன்னிக்கணும்.

நீங்க “குடியேறிகள்”னு ஒரு தடவை சொல்றத நாங்க ரெண்டு தடவை சொல்லணும். 1964 ஒப்பந்தத்துல கப்பலேறி வந்தவங்களுக்காகத்தான் 1968ல தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டம் போட்டுச்சு, இப்ப டான்டீங்கறது அதுதான். கோத்தகிரி, குன்னூர், பந்தலூர், வால்பாறைன்னு இருக்கு. அங்க “இந்தியாக்காரன்”னு சொன்னவங்கள இங்க “சிலோன்காரங்க”ன்னு கூப்பிட்டாங்க. கையில இருந்த தொழில் அதே தொழில்தான், கொழுந்து பறிக்கிறது, கவ்வாத்து வெட்டறது. அந்தத் திறமை இருந்ததாலதான் அந்த மலைக்கு அனுப்பினாங்க.

அதனால உங்க வாசல்ல ரெண்டு தொட்டின்னா மூணாவதா ஒண்ணு வைங்க. திரும்பிப் போன வழிக்கு. வரைபடத்துல தலைமன்னார் – இராமேசுவரம் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் அம்பு போடுங்க, ஒரு பக்கம் மட்டும் போட்டா பாதிக் கதை.

இங்க பல இடத்துல கத்தரிக்கோல் பறிப்பு வந்துடுச்சு, ஒரு பக்கத்துல பை கட்டின கத்தரி. வேகம் அதிகம், தரம் கம்மி, மூணு இலை நாலு இலைன்னு வந்துடும். விரல் பறிப்பு, கத்தரிப் பறிப்பு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு அதே 100 கிராம் சோதனை பண்ணினா போட்டியவிட அது நல்லா விளங்கும், யாரும் யாரையும் ஜெயிக்க வேண்டியதில்ல.

#11 மாத்தளைவீதி

மூன்றாவது தொட்டி, ஏற்றுக்கொள்ள வேண்டியது. அம்பு யோசனையும்.

லயக் காம்பரா பற்றி. தகரமும் பலகையும் அடித்து மாதிரி கட்டினால் செலவு, அதோடு அழகாக வந்துவிடும். அதுதான் ஆபத்து. புதுத் தகரத்தில் புகை இருக்காது. அதற்குப் பதில் தரையில் சுண்ணாம்புக் கோட்டால் பத்தடிக்குப் பன்னிரண்டடி பெட்டி, ஒட்டி ஒட்டி ஆறு, முதுகுக்கு முதுகாக இன்னொரு ஆறு. ஒரு பெட்டிக்குள் அடுப்பு, கட்டில், தண்ணீர்க் குடம், புத்தகப் பை இவற்றின் இடத்தையும் கோட்டாலேயே குறித்து, எட்டுப் பேரை உள்ளே நிற்கச் சொல்லுங்கள். கோட்டைத் தாண்டாமல் ஐந்து நிமிடம். ஒரு மூட்டை சுண்ணாம்பு, ஒரு கயிறு, நாலு முளைக்குச்சி. மழை பெய்தால் மறுபடி போடலாம். உண்மையான காம்பரா பார்க்க வேண்டியவர்களுக்குக் கம்பளைப் பக்கம் பழைய லய அறைகளிலேயே அமைத்த தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது, பேருந்து பிடித்துக் கூட்டிப் போகலாம்.

#12 டீமேக்கர்

தேத்தண்ணிக் கணக்கை யாரும் தொடவில்லை. 600 கோப்பை, கோப்பைக்கு 120 மில்லிலீற்றர் என்றால் 72 லீற்றர். டஸ்ட் என்றால் ஒரு கிலோ போதும். ஐந்து துணிப்பையில் 200 கிராமாகக் கட்டி, 15 லீற்றருக்கு ஒன்று, நாலு நிமிடத்தில் பையைத் தூக்கிவிட வேண்டும். பெரிய கொதிகலத்தில் தேயிலையைப் போட்டு நாள் முழுக்க எரியவிட்டால் பத்து மணிக்குச் சிவப்பு, பன்னிரண்டுக்குக் கறுப்பு, இரண்டுக்கு வாய் இழுக்கும். அட்டன் உயரத்தில் தண்ணீர் 96 பாகையிலேயே கொதித்துவிடும், அதனால் கொதித்ததும் உடனே ஊற்றணும், ஆறவிட்டால் சாயம் இறங்காது. ரொட்டி ஆளுக்கு இரண்டு என்றால் 300 பேருக்கு 50 கிலோ மாவு, 25 தேங்காய். சம்பலுக்குத் தேங்காய் தனி.

கையால் செய்த 430 கிராமைப் பொதுக் கொதிகலத்தில் கொட்டி வீணாக்காதீர்கள். சோதனைக் கோப்பை முறை: 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம், ஆறு நிமிடம், ஐ.எஸ்.ஓ. 3103 சொல்லுகிற அளவு. பக்கத்தில் அதே அளவு டஸ்டும் ஊற்றி வைத்தால், எது ஏலத்துக்குப் போனது, எது லயத்துக்கு வந்தது என்று நாக்குக்கே தெரியும். பெரட்டுத்தப்பு #2இல் எழுதியதற்கு இதைவிடச் சுருக்கமான பதாகை கிடைக்காது.

#13 பெரட்டுத்தப்பு

இரண்டு கோப்பை யோசனைக்கு மறுப்பில்லை. விழா வேண்டாம் என்ற நிலையில் நான் இன்னும் நிற்கிறேன். ஆனால் எப்படியும் எடுக்கத்தான் போகிறீர்கள் போலிருக்கிறது. அப்படியானால் ஒரு பொருள் இல்லாமல் எடுக்காதீர்கள்: தராசு.

கொழுந்துக்கு விழா என்கிறீர்கள், கொழுந்து நிறுக்கிற மடுவம் எங்கே? பறித்தது மலையில் இல்லை, மடுவத்தில்தான் முடிவாகிறது. பைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்த பிறகு மிஞ்சுவதுதான் அவள் நாள். நாளுக்கு 16, 18, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் ஓர் அளவு. அதற்கு ஒரு கிலோ குறைந்தால் அரைப்பேர். கழிவுக்கு யாரும் கணக்குக் காட்டுவதில்லை. போட்டி எடையிலும் கழிக்கப்போகிறீர்களா?

#14 டீமேக்கர்

இதில் ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும், அடிக்க வராதீர்கள். மழை நாளில் இலைமேல் நிற்கிற தண்ணீர் சும்மா இல்லை. பத்துக் கிலோ நனைந்த கொழுந்தில் ஒரு கிலோவுக்கு மேல் வெறும் தண்ணீராக இருக்கலாம், அதை வாட்டுவதற்குக் கூடுதல் மணி நேரமும் விறகும் போகும். கழிப்பதே அநியாயம் என்பது சரியில்லை. அளக்காமல் கழிப்பதுதான் அநியாயம். வெயில் நாளிலும் அதே கழிவு நிற்பதற்கு எந்தத் தேயிலைச் சாத்திரத்திலும் இடமில்லை.

அளக்கவும் முடியும். நனைந்த கொழுந்தில் ஒரு கிலோ எடுத்து, வலைப்பையில் கட்டி, கையால் நூறு சுற்றுச் சுழற்றி, உலர்ந்த துணியில் ஒற்றி மறுபடி நிறுக்கணும். குறைந்தது எவ்வளவோ அதுதான் ஈரக் கழிவு, அந்த நேரத்துக்கு, அந்த மலைக்கு. பையைக் காலியாக நிறுத்தால் பைக் கழிவு. ஐந்து நிமிட வேலை.

#15 ஊவாக்காற்று

அப்படியென்றால் அதுதான் விழாவின் நடு மேடை. தப்பை ஓரத்துக்குத் தள்ளுங்கள்.

#16 பெரட்டுத்தப்பு

கரும்பலகையில் நாலு கட்டம்: பறித்த எடை, பை, ஈரம், மிச்சம். ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே, எல்லாரும் பார்க்க. நிழலில் சுருட்டி வைத்துக்கொண்டு எழுதினால் நான் வந்து அழிப்பேன்.

#17 கவ்வாத்துக்கத்தி

எழுதலாம். ஒரு திருத்தம் மட்டும்: பையைப் போட்டிக்கு முன்னால் உலர்ந்தபடி ஒருமுறை, முடிந்ததும் நனைந்தபடி ஒருமுறை நிறுக்கணும். நனைந்த எடையைக் கழித்துவிட்டுப் பை குடித்த தண்ணீரைக் கொழுந்து ஈரத்திலும் சேர்த்தால் அதே தண்ணீரை இரண்டு தடவை கழித்த மாதிரி ஆகும்.

தொங்கு தராசா, மின்னணுத் தராசா?

#18 டீமேக்கர்

மின்னணு. தொங்கு தராசில் பை ஆடும்போதே வாசித்துவிடுவார்கள். சமதளப் பலகைமேல் வையுங்கள், பனியில் முகப்பு மங்கும், துடைக்க ஒரு துணி.

#19 பெரட்டுத்தப்பு

முகப்பு பறித்தவள் பக்கம் திரும்பியிருக்கட்டும்.